புல் வெட்டிய மேடு

1998 அக்டோபர் 30, வெள்ளி

காலையில் பனிமூட்டம். ஃப்ரீவேயில் முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. வேலைக்கு லேட். முழங்கால் ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர் எக்சர்சைஸுக்காகக் காத்திருந்து, வீல்சேரிலேயே தூங்கிவிட்டார். எழுப்ப மனசு வரவில்லை. சூப்பர்வைசர் முறைத்தாள்.

மத்தியானம் வீட்டுக்காரர் போன். "ஏ ஸ்டெல்லா, லெட்டர் வந்துட்டு." எந்த லெட்டர் என்று நான் கேட்கவில்லை. கிரீன் கார்டு இண்டர்வியூ. நவம்பர் 19, சான் ஹோசே, இரண்டு பேரும் நேரில். ஊரில் எல்லாருக்கும் இண்டர்வியூ இல்லாமலே கார்டு வருகிறது, நமக்கு மட்டும் ஏன்? "சும்மா ரேண்டமாகக் கூப்பிடுவார்கள்" என்கிறார் வக்கீல். அவருக்கென்ன, அவர் இங்கேயே பிறந்தவர்.

கவலை எனக்குத்தான். இவர் முகத்திலோ ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தெளிவு. ஜூனில் தூத்துக்குடியில் மாமியார் தவறியபோது இவரால் போக முடியவில்லை. அப்ளிகேஷன் நடுவில் இருக்கிறது, அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் வெளியே போனால் எல்லாம் அத்தோடு போயிற்று என்றார்கள். கடிதம் வரவில்லை. அடக்கம் முடிந்து கொழுந்தன் பூத்திலிருந்து கூப்பிட்டான். மூத்த மகன் இவர். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மொத மண்ணு யாருல போட்டா?"

கார்டு கைக்கு வந்த மறுநாள் டிக்கெட் என்கிறார். வரட்டும். அதுவரை மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாது. ஸ்பீடிங் டிக்கெட் வாங்கிவிடாதீர்கள் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

போட்டோ இரண்டு காப்பி. டாக்டர் கொடுத்த மெடிக்கல் டெஸ்ட் கவர் (பிரிக்கக் கூடாது!). பால் தீர்ந்துவிட்டது.

நவ. 1, ஞாயிறு

சகல புனிதர் திருநாள். நல்ல வெயில். பூசைக்கு நிற்க இடமில்லாத கூட்டம்.

நாளை கல்லறைத் திருநாள். ஊரில் என்றால் இன்றைக்கே ஆளாளுக்கு மண்வெட்டியும் சுண்ணாம்பு வாளியுமாகக் கிளம்பியிருப்பார்கள். புல்லைச் செதுக்கி, சுற்றி வர மண்ணை வெட்டி மேலே அணைத்து, மேட்டைத் தட்டிச் சீராக்கி, ஓரம் முழுக்க வெள்ளை அடித்து. புல் மண்டிக் கிடக்கிற கல்லறையைப் பார்த்தால் அந்தக் குடும்பத்தையே காறித் துப்புவார்கள். இவருக்கு இங்கே போக ஒரு கல்லறை கிடையாது. பூசை முடிந்து வந்ததிலிருந்து ஹாலுக்கும் பின்பக்கத்துக்கும் நடை.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் காலி மனை. அதன் நடுவில் ஒரு மண்மேடு, எங்கள் ஜன்னல் உயரம் இருக்கும். ஆள் உயரத்துக்குக் காட்டுச் சோம்பு, முள்ளு, காய்ந்த புல். பழைய டயர், பீர் டப்பா, யாரோ வீசிய மெத்தை. பக்கத்து வீட்டு மிஸ்டர் வாஸ்தான் அதைப் பற்றிச் சொன்னது. அவர் போர்ச்சுகீசியக் கிழவர், அவர் அப்பா இங்கே மாட்டுப் பண்ணை வைத்திருந்தாராம். நாங்களும் வாஸ் என்பதால் சொந்தக்காரர்கள் என்றே முடிவு கட்டிவிட்டார். தபால்காரரும் அப்படித்தான்.

"அது கல்லறதான? மிஸ்டர் வாஸ் சொன்னார்லா?" என்றார் இவர்.

"கல்லறையா இருக்கலாம்னு சொன்னாரு. ஃப்ரீவேக்கு வெட்டிக் கொட்டுன மண்ணா இருக்கலாம்னும் அவருதான் சொன்னாரு. காலையில என்ன சாப்பிட்டோம்னு அவருக்கு ஞாபகம் இருக்காது."

"கல்லறையா இருந்துட்டுன்னா?"

ஃபிளீ மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அடுத்தவன் நிலம் என்று சொன்னேன். "புல்லு வெட்டுனதுக்கு எவனாவது சண்டைக்கு வருவானா பிள்ள?" வேலியில் ஆடிக்கொண்டிருந்த பலகையை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மேடு மொட்டை அடித்த தலை. டயர், டப்பா எல்லாம் ஒரு மூலையில். சுற்றி வர முட்டி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை மேலே அணைத்திருந்தார். வெட்டின இடத்தைக் காட்டினார். கறுப்பு மண், அதன் கீழ் மட்டியும் சிப்பியும், அதன் கீழ் சாம்பல், மறுபடி சிப்பி. அடுக்கடுக்காக. கடற்கரையில் வளர்ந்தவர், விரலால் தொட்டே சொல்கிறார்: "கொட்டுன மண்ணு இப்படி இருக்காது. ரொம்ப காலமா சனங்க இருந்த எடம் இது."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றைக் காட்டினார். எலும்பு. என் விரல் நீளம். மாட்டு எலும்பாக இருக்கும் என்றேன். நான் படித்தது பிசியோதெரபி. மாட்டு எலும்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

இருந்த இடத்திலேயே வைத்துக் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். பரலோக மந்திரம் சொன்னோம். கடையில் வாங்கிய தோட்டச் சுண்ணாம்பை ஓரமெல்லாம் கோடாகத் தூவினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நவ. 2, திங்கள்

மெக்சிகோக்காரர் கடையில் இன்று வாசல் முழுக்க மஞ்சள் செவ்வந்தி. அவர்களுக்கும் இன்றுதானே. இரண்டு கட்டு வாங்கினேன்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. மேட்டின் மேல் மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்று அணைக்கிறது, ஏற்றுகிறோம், அணைக்கிறது. ஒரு சிலுவை நட்டால் என்ன என்றார். உள்ள இருக்கவங்க நம்ம ஆளுங்க இல்லையே, வேண்டாம் என்றேன். சரி என்றார். பிறகு அவர் அம்மா பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. ஜூனில் அழாத மனுஷர். சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். மனசுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், இனி தூங்குவார் என்று.

மெழுகுவர்த்தி எல்லாம் அணைந்துவிட்டதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். புல் இல்லையே, எரிய என்ன இருக்கிறது. இருந்தாலும்.

நவ. 5, வியாழன்

தூறல். இண்டர்வியூவுக்கு: கல்யாண சர்டிபிகேட் (ஒரிஜினல், கோயிலில் கொடுத்தது + ரிஜிஸ்டர் ஆபீஸ்), டாக்ஸ் பேப்பர், என் வேலை லெட்டர். கல்யாண ஆல்பம் கொண்டுபோக வேண்டுமா? ஆல்பத்தில் அவர் மீசை பயமாக இருக்கிறது. ஆபீசர் வேறு ஆள் என்று நினைத்துவிட்டால்?

மேடு இப்போது ரோட்டிலிருந்தே தெரிகிறது. சுண்ணாம்புக் கோடு வேறு. கார்கள் மெதுவாகப் போகின்றன. ஒருவன் இறங்கி நின்று பார்த்தான். மிஸ்டர் வாஸ் வேலி வழியாக எட்டிப் பார்த்து, "யார் இதுக்கு முடி வெட்டிவிட்டது?" என்றார். சிரித்து மழுப்பினேன். கிழவருக்கு என்னவோ சந்தோஷமே இல்லை.

நவ. 8, ஞாயிறு

சன்னிவேல் இந்தியன் கடைக்குப் போய் அரிசி, புளி, உளுந்து வாங்கிக்கொண்டு திரும்பினால் மேட்டின் மேல் இரண்டு பேர். ஷவல், சல்லடை. சலித்துக்கொண்டிருக்கிறார்கள்! இவர் அரிசி மூட்டையைத் தரையில் போட்டுவிட்டு ஓடினார். "ஹே! ஹே!" அவர்கள் ஒன்றும் பதறவில்லை. துண்டில் சுருட்டிய எதையோ பிக்கப்பில் வைத்தார்கள், போய்விட்டார்கள். நம்பரை இவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், ஆனால் பதற்றத்தில் மனசில் நிற்கவில்லை.

மேட்டின் உச்சியில் ஆள் இறங்குகிற அளவு குழி. ஓரமெல்லாம் உடைந்த சிப்பி. இவர் குழிக்குள் இறங்கி நின்றார். ஏறி வாங்க என்றால் வரவில்லை.

"நான்தான் காட்டிக் குடுத்துட்டேன் ஸ்டெல்லா. புல்லுக்குள்ள கெடந்தப்ப ஒரு பய திரும்பிப் பாக்கல."

சாயங்காலம் முழுக்கக் குழியை மூடினார். சாப்பிடவில்லை. எனக்குக் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, இண்டர்வியூவுக்கு முன்னாலா இதெல்லாம் நடக்க வேண்டும்?

நவ. 9, திங்கள்

எனக்கு மதிய ஷிஃப்ட். பத்து மணி வாக்கில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் போலீஸ். நல்ல உயரம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார்.

போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினார். பின்னால் இருக்கிற மேட்டை யாரோ தோண்டிச் சேதப்படுத்தியிருக்கிறார்கள், புகார் வந்திருக்கிறது, அங்கே கல்லறை இருக்கலாம். கல்லறையைக் கலைப்பது கலிபோர்னியாவில் பெரிய குற்றம். அந்த வார்த்தையைச் சொன்னார், ஃபெலனி. "நீங்கள் யாரையாவது பார்த்தீர்களா?"

சல்லடைக்காரர்களைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால், சுண்ணாம்பு யார் போட்டது, வாய்க்கால் யார் வெட்டியது என்று அடுத்த கேள்வி வரும். என் வாய் தானாக, "நோ ஆபீசர். வீ டிட் நாட் சீ எனிபடி" என்றது. அவர் தோளுக்குப் பின்னால் எங்கள் கராஜ் திறந்தே கிடக்கிறது. மண்வெட்டி சுவரில் சாய்ந்து நிற்கிறது, கறுப்பு மண்ணோடு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

போனதும் மண்வெட்டியைக் கழுவினேன். ஹோஸ் பைப்பில் சுடிதாரெல்லாம் நனைந்து, மாற்றிக்கொண்டு வேலைக்கு ஓடினேன்.

ராத்திரி இவரிடம் சொன்னேன். "நீ ஏம்ளா பொய் சொன்ன? செஞ்சது நாந்தான?" என்றார். "பத்தொம்பதாம் தேதிங்க!" என்று கத்திவிட்டேன். வேறு என்ன சொல்ல?

நவ. 11, புதன்

லீவு நாள். குளிர். மேட்டடியில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும், கனத்த உடம்பு, ஸ்கூல் பஸ் டிரைவர் ஜாக்கெட். ரொம்ப நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறாள். இவர் வேலிப் பக்கம் போனார். நானும் பின்னாலேயே. இவர் வாயை நம்ப முடியாது.

பெயர் ரூத். ஒலோனி ஜனம். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னாலிருந்தே இந்த மண்ணில் இருந்தவர்கள். முன்னோரைப் புதைத்த மேடு கலைந்த சேதி கேட்டுப் பார்க்க வந்தாளாம். இவர், "குப்பையா கெடந்துச்சே, நீங்க யாரும் வந்து சுத்தம் பண்ணலையா?" என்று இங்கிலீஷில் கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

அவள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நாங்கள் வேண்டுமென்றே விட்டோம். புல் உயரமாக நின்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். இதே மாதிரி இன்னொன்று கடைத்தெருவுக்கு அடியில் போய்விட்டது. இது ஒன்று புல்லுக்குள் பிழைத்துக் கிடந்தது. எவனோ வந்து அழகு பண்ணியிருக்கிறான்" என்றாள். கோபத்தில் அவள் தாடை ஆடியது.

இவர் வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். இறுக்கித்தான் பிடித்தேன். இவர் "ஐயம் சாரி" என்று மட்டும் சொன்னார். அவள் அதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டு "தேங்க் யூ" என்றாள்.

வீட்டுக்குள் வந்ததும் அவர் கையைப் பார்த்தேன். என் நகம் பதிந்திருந்தது.

நவ. 14, சனி

இன்றைக்கு இவர் செய்த கூத்து: தோட்டக் கடைக்குப் போய்க் காட்டுச் சோம்பு விதை, முள்ளு விதை வேண்டும் என்று கேட்டிருக்கிறார். கடைக்காரன் சிரித்துச் சிரித்து, "சார், அதைக் கொல்கிற மருந்துதான் வரிசையாக வைத்திருக்கிறேன்" என்றானாம். ரோட்டோரம் காரை நிறுத்தி, காய்ந்த சோம்புச் செடிகளை ஒடித்து, காய்கறி வாங்குகிற பை நிறையக் கொண்டுவந்தார். கார் முழுக்க குருமா வாசனை. மேட்டில் உதிர்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார். களைக்குத் தண்ணீர் ஊற்றுகிற மனுஷனுக்கு வாக்கப்பட்டிருக்கிறேன்.

மனையின் முன்னால் புது போர்டு. அங்கே டவுன்ஹவுஸ் கட்டப்போகிறார்களாம். 24ஆம் தேதி, செவ்வாய், சிட்டி மீட்டிங். மேட்டை மட்டம் தட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள்.

மிஸ்டர் வாஸ் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார். சின்னச் செய்தி. கட்டுகிற கம்பெனி ஆள் சொல்கிறார்: அது ஃப்ரீவே மண், வெறும் குப்பைமேடு, மேலே கிடக்கிற சிப்பியெல்லாம் சுண்ணாம்போடு சேர்த்து யாரோ கொண்டுவந்து கொட்டியது, கட்டடத்தைத் தடுக்கச் செய்த வேலை. காலேஜ் வாத்தியார் ஒருவர் வந்து பார்த்திருக்கிறார். மேல் மண் முழுக்கக் கலைந்து சுண்ணாம்பு கலந்துவிட்டதால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கலைவதற்கு முன்னால் உள்ளே அடுக்கு இருந்ததைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும் என்கிறார்.

இவர் பேப்பரை மடித்து மேஜையில் வைத்தார். பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து டீ குடித்தோம்.

நவ. 17, செவ்வாய்

சண்டை. கல்யாணமாகி இப்படி ஒரு சண்டை வந்ததில்லை.

"ரூத்துட்ட மட்டுமாவது சொல்லிருதேன்."

"சொன்னா அவ போலீஸ்ல சொல்லுவா."

"சொல்லட்டும். தெரியாமத்தான செஞ்சேன்."

"நான் தெரியாமயா பொய் சொன்னேன்? போலீஸ்ட்ட? என்னையும் சேத்துத்தான் பிடிப்பான். கார்டு கேஸ் என் வேலைய வச்சு நடக்குது. நான் போனா ரெண்டு பேரும் போக வேண்டியதுதான். உங்க அம்மா கல்லறையப் பாக்கணுமா வேண்டாமா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் எழுந்து பின்பக்கம் போய்விட்டார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன், இருட்டில் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போய்க் கூப்பிடவில்லை. எனக்கும் ரோஷம்.

பிறகு வந்து, "சரி. நீ சொல்றபடியே" என்றார். நான் ஜெயித்துவிட்டேன். தோசை மாவு பொங்கி ஃபிரிட்ஜெல்லாம் வழிந்திருந்தது, அதைத் துடைத்துக்கொண்டே அழுதேன்.

நவ. 19, வியாழன்

ஐந்தரைக்கே எழுந்தாயிற்று. அவருக்குக் கோட்டு. எனக்கு மெரூன் புடவை, பிறகு வேண்டாமென்று பேண்ட், பிறகு மறுபடி புடவை. சான் ஹோசே ஆபீஸில் ஒரு மணி நேரம் வரிசை.

ஆபீசர் பெண். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். கையைத் தூக்கி உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்யச் சொன்னாள். ஆல்பத்தைப் பார்த்து, மீசையைப் பார்த்துச் சிரித்தாள். என் வேலை பற்றி இரண்டு கேள்வி. அப்புறம் படிவத்திலிருந்து கடகடவென்று வாசித்தாள். கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தீர்களா, போதை மருந்து விற்றீர்களா, தெரிந்தே ஏதாவது குற்றம் செய்து, இதுவரை பிடிபடாமல் இருக்கிறீர்களா.

நான் நோ, நோ, நோ. வாய்ப்பாடு மாதிரி.

பிறகு அவர் முறை. அந்தக் கேள்வி வந்ததும் நின்றார். ஆபீசர் நிமிர்ந்து பார்த்தாள். மாதாவே, மாதாவே என்று மடியில் கையைப் பிசைகிறேன். அவர் என் கையைப் பார்த்தார். மேட்டையோ அவர் அம்மாவையோ நினைத்திருக்க மாட்டார். என் கையைத்தான் பார்த்தார்.

"நோ, மேடம்."

டப் டப் என்று பாஸ்போர்ட்டில் ஸ்டாம்ப். கார்டு தபாலில் வரும், இதை வைத்தே ஊருக்குப் போய்வரலாம் என்றாள். வெல்கம் என்று கை கொடுத்தாள். எட்டு வருஷம் காத்திருந்தது இரண்டு நொடியில் முடிந்தது.

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்ததும், இனிமேல் பயமில்லை, டிக்கெட் போடுங்க என்றேன். "ம்" என்றார். சாவியைப் போட்டுவிட்டுத் திருப்பவே இல்லை.

"செய்யும்போது தெரியாதுதான். போலீஸ் வந்துட்டுப் போன பெறவு தெரியும்லா. தெரிஞ்சுதான் நோன்னு சொன்னேன்" என்றார்.

எனக்காகச் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

நவ. 21, சனி

டிராவல் ஏஜென்ட் நம்பர் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. கூப்பிடவில்லை. கொழுந்தன் ஊரிலிருந்து போன், "எப்ப அண்ணே வாறீங்க?" "பாப்போம்ல, வேல இருக்கு" என்கிறார். வேலையாம் வேலை. ஃபேக்டரியில் இவருக்கு லீவு மலையாகக் கிடக்கிறது.

நேரடியாகவே கேட்டேன், ஏன் கூப்பிடவில்லை என்று.

"அம்மா கல்லறைல போயி நின்னு என்னன்னு சொல்ல?"

பாவசங்கீர்த்தனம் செய்துவிடுங்கள், ஃபாதரிடம் சொன்னால் தீர்ந்தது என்றேன். "சொல்லிட்டா போதுமா? சரி செய்யணும்லா. செவ்வாய்க்கிழம அத மட்டம் தட்டச் சொல்லிருவாங்க. அதுக்கு முன்னாடி என்ன மன்னிப்பு?"

துணி மடித்தேன்.

நவ. 22, ஞாயிறு

கிறிஸ்து அரசர் திருநாள். மழை. குடை ஒன்று உடைந்தது.

ஃபாதரிடம் நன்மை அப்பம் வாங்க எங்கள் வரிசை எழுந்தது. இவர் எழுந்திருக்கவில்லை; பாவத்தோடு வாங்கக் கூடாது. எனக்குத் தெரிந்து ஒரு ஞாயிறுகூட நன்மை வாங்காமல் இருந்ததில்லை, கல்யாணத்துக்கு முன் காய்ச்சலோடு வந்து வாங்கியவர் என்று மாமியார் பெருமையாகச் சொல்வார். இன்று முட்டியை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போகிறார்கள். அந்த நாகர்கோவில் செசிலி ஆன்ட்டி தாண்டும்போது, "உடம்பு சரியில்லையா தம்பி?" என்று கேட்டே விட்டாள்.

நானும் தாண்டிப் போனேன். பழக்கம், கால் போய்விட்டது. எனக்கு முன்னால் நாலு பேர். மூன்று பேர். இவர் ஒரு பொய் சொன்னார், அதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறார். நான் போலீஸிடம் ஒன்று, ஆபீசரிடம் ஒன்று, ரூத் முன்னால் கையைப் பிடித்தது ஒன்று, எல்லாம் செய்துவிட்டு நாக்கை நீட்டப் போகிறேன். வெட்கமாக இருந்தது. வரிசையை விட்டு விலகித் திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கோயில் முழுக்கப் பார்த்தது, பார்க்கட்டும்.

அவர் கொஞ்சம் தள்ளி இடம் விட்டார்.

நவ. 24, செவ்வாய்

விட்டு விட்டு மழை. வேலையிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். தலைவலி என்று சொன்னேன், அது நிஜம்தான்.

மீட்டிங் ஏழு மணிக்கு. மத்தியானம் சிட்டி ஆபீஸைக் கூப்பிட்டுக் கேட்டேன், யார் வேண்டுமானாலும் பேசலாமாம், ஆளுக்கு மூன்று நிமிடம். பெயரும் அட்ரஸும் சொல்ல வேண்டும். அட்ரஸ் கேட்டதும் போனை வைத்துவிடலாமா என்று இருந்தது.

வக்கீலைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், வேண்டாம் என்றால் போக மாட்டேன்.

இவர் வேலையிலிருந்து வந்ததும், மீட்டிங்கில் நான் பேசப்போகிறேன் என்று சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "நான் பேசுதேன், நீ பேசாண்டாம். கார்டு போச்சுன்னா?"

"போனா ரெண்டு பேருக்கும்தான் போகும். நீங்க வாங்க, பக்கத்துல உக்காருங்க. பேச வேண்டாம். மண்ணுக்குள்ள அடுக்கடுக்கா சிப்பி இருந்தத நானும் பாத்தேன். எலும்பு எதுன்னு எனக்குத்தான் தெரியும். போலீஸ்ட்ட பாக்கலன்னு சொன்னதும் நாந்தான்."

கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். மை நேம் இஸ் ஸ்டெல்லா வாஸ். ஐ லிவ் பிஹைண்ட் தி மவுண்ட். அடுத்த வரியை மறுபடி மறுபடி மாற்றுகிறேன். அங்கே ரூத் இருப்பாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பேச வேண்டும், இல்லை, பார்த்துத்தான் பேச வேண்டும், தெரியவில்லை. பயமாக இருக்கிறது. பாத்ரூமுக்கு நாலு தடவை போய்விட்டேன்.

சோறு வடித்தாயிற்று. மீன் குழம்பு அடுப்பில், திரும்பி வந்து சுட வைத்துக்கொள்ளலாம். மழை விட்டிருக்கிறது. அவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு ஹார்ன் அடிக்காமல் காத்திருக்கிறார்.